மறுநாளும் வந்த நாளிதழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலைநேரம் முடிந்து, உணவுப் பெட்டியும் கையுமாக வந்து அமர்ந்தவர்கள் இவ்வட்டத்தில் உண்டு. ஆவடியிலிருந்து மின்தொடர்வண்டியிலும் பூவிருந்தவல்லியிலிருந்து இரண்டு பேருந்து மாறியும் வந்தவர்கள் உண்டு. இத்தகைய உழைப்பாளிகளின் அவையில், துணிவு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம் கவிதைகளில் போர்வீரனின் துணிவு உண்டு. தியாகியின் துணிவு உண்டு. தாயின் துணிவும் உண்டு. செய்தியாளனின் துணிவு மட்டும் அருகியே காணப்படுகிறது. ஆதலின் இன்று, ஆபத்துக்கும் அடக்குமுறைக்கும் நடுவே செய்தி எழுதியவர்களைப் பற்றிப் பேச விழைகிறேன்.

புறநானூற்றிலிருந்து தொடங்குகிறேன். நாற்பத்தேழாம் பாட்டின் பின்னணி நீங்கள் அறிந்ததே. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் நுழைந்தான் இளந்தத்தன் என்னும் புலவன். உறையூரில் இருந்தவன் நெடுங்கிள்ளி. பகைவனிடமிருந்து வந்தவன் ஒற்றனாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அப்புலவனைக் கொல்லத் துணிந்தான். அப்போது கோவூர்கிழார் இடைப்புகுந்து, புலவர் வாழ்வு இன்னதென்று மன்னனுக்கு எடுத்துரைத்து, இளந்தத்தனை உயிரோடு மீட்டார். கோவூர் என்ற பெயருடைய ஊர் ஒன்று நம் பூவிருந்தவல்லிக்கு அருகே, குன்றத்தூர்ச் சாலையில் இருக்கிறது. புலவர் பிறந்த கோவூர் அதுதானா என்னும் வினாவை ஆய்வாளரிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது நிகழ்ச்சியின் பொருள். ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தில் சொல்லும் தொழிலுடையவனை, அதிகாரம் எக்காலத்திலும் ஒற்றன் என்றே ஐயுறுகிறது. அன்று இளந்தத்தனுக்குக் கோவூர்கிழார் இருந்தார். பின்வந்த இளந்தத்தன்கள் பலருக்கு அவர் வாய்க்கவில்லை.

முதலில் ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நைஜீரியாவில் 'நியூஸ்வாட்ச்' இதழின் ஆசிரியராக இருந்தவர் டெலெ கிவா. 1986ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், லேகோஸ் நகரில் அவர் வீட்டுக்கு ஒரு பொதி வந்தது. பிரித்தார், குண்டு வெடித்தது, மாண்டார். புர்க்கினா பாசோ நாட்டில் நோர்பெர் சோங்கோ என்னும் ஆசிரியர், குடியரசுத் தலைவரின் தம்பியிடம் வாகன ஓட்டுநராக இருந்த ஒரு மனிதரின் சாவு பற்றித் துருவி எழுதிவந்தார். 1998 டிசம்பர் 13ஆம் நாள், உடன்வந்த மூவரோடு காருக்குள் எரிந்த நிலையில் கிடந்தார். ஓட்டுநர் ஒருவரின் உயிருக்கு விலை உண்டு என்று எழுதியதற்கு அவர் கொடுத்த விலை அது.

மொசாம்பிக்கின் கார்லோஸ் கார்டோசோ நம்மைப் போன்ற சிற்றிதழ்க்காரர்கள் அறிய வேண்டியவர். அச்சகம் இல்லாமல், தொலைநகல் வழியே சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்ட 'மெட்டிக்கல்' என்னும் நாளிதழை அவர் நடத்தினார். சில தாள்கள்தாம். அத்தாள்களில் ஒரு பெரும் வங்கி மோசடியை விடாது எழுதினார். 2000 நவம்பர் 22ஆம் நாள் மாபுட்டோ நகரில், அலுவலகத்திலிருந்து காரில் புறப்பட்டவரைச் சுட்டுக் கொன்றார்கள். காம்பியாவில் 'தி பாயின்ட்' நாளிதழை நடத்திய தெய்தா ஹைதரா, குடியரசுத் தலைவருக்குக் காலை வணக்கம் கூறும் தலைப்பில் ஒரு பத்தி எழுதிவந்தார். 2004 டிசம்பர் 16ஆம் நாள் தம் இதழின் ஆண்டுவிழா இரவில், ஊழியர் இருவரை வீட்டில் விடுவதற்காகக் காரோட்டிச் சென்றபோது சுடப்பட்டார். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், அக்கொலையில் பங்குகொண்ட ஒருவனுக்கு ஜெர்மனி நாட்டு நீதிமன்றம் ஒன்று வாழ்நாள் சிறை விதித்தது. கொன்றவர்கள் மறந்தாலும், உடன் பணிசெய்தவர்களும் குடும்பத்தாரும் மறக்கவில்லை. அதனால் விளைந்த நீதி அது.

ஆப்பிரிக்காவை ஏன் முதலில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். டெலெ கிவா மாண்ட அதே அக்டோபர் 19ஆம் நாள், பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் நம் மொழி பேசும் ஒரு செய்தியாளர் கொல்லப்பட்டார். மயில்வாகனம் நிமலராஜன் என்பது அவர் பெயர். லேகோஸைத் தொலைதூரம் என்று தள்ளிவிடலாம். யாழ்ப்பாணத்தை நாம் அவ்வாறு தள்ள இயலாது. பூவிருந்தவல்லியில் ஈழத்தமிழரை அடைத்துவைத்த சிறப்பு முகாம் இருந்ததை அறிந்தவர்கள் நாம். புழல் அகதிகள் முகாமுக்கும் நமக்கும் இடையே சில கல் தொலைவுதான்.

நிமலராஜன், 2017ஆம் ஆண்டு வரை ஒலித்த பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி தந்தவர், வீரகேசரிக்கு எழுதியவர். இவற்றோடு அவர் நிற்கவில்லை. பி.பி.சி.யின் சிங்கள ஒலிபரப்பான 'சந்தேசய'வுக்கும், கொழும்பிலிருந்து வெளிவந்த 'ராவய' என்னும் சிங்கள வார இதழுக்கும் செய்தி தந்தார். தம் மக்களின் துயரைத் தம் மக்களுக்கே சொல்வது ஒரு பணி. எதிர்ப்புறம் இருப்பதாகக் கருதப்படும் மக்களுக்கு, அவர்கள் மொழியிலேயே அது போய்ச் சேரச் செய்வது அதனினும் அரிய பணி. 2000 அக்டோபரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குமோசடியும் மிரட்டலும் நடந்தன என்று அவர் செய்தி அனுப்பினார். சில நாள்கள் கடந்தன. ஊரடங்கு நடப்பில் இருந்த ஓர் இரவு. சுற்றிலும் படையினரின் காவல். வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரைச் சாளரத்தின் வழியே சுட்டார்கள். வீட்டுக்குள் கையெறிகுண்டும் வீசினார்கள். பெற்றோரும் மருமகனும் காயமுற்றனர். ஊரடங்கு வேளையில் அத்தெருவில் நடமாட எவரால் இயன்றது என்னும் எளிய வினாவுக்கு இன்றுவரை விடையில்லை. 2021இல் இலங்கையில் வழக்குக் கைவிடப்பட்டது. 2022இல் இங்கிலாந்தில் ஐயத்தின்பேரில் ஒருவர் கைதானார். தண்டனை பெற்றவர் எவருமிலர்.

இனி, திருகோணமலை. 2006 சனவரி 2ஆம் நாள் அந்நகரின் கடற்கரையில் மாணவர் ஐவர் உயிரிழந்தனர். அவர்கள் வைத்திருந்த கையெறிகுண்டு வெடித்து மாண்டனர் என்று படைத்தரப்புக் கூறியது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்னும் செய்தியாளர் சவக்கிடங்கிற்குள் சென்று அவ்வுடல்களைப் படமெடுத்தார். சுடப்பட்ட காயங்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. 'சுடர் ஒளி' நாளிதழில் அவை வெளிவந்தன. குண்டு வெடித்தது என்ற கூற்று, அதன்பின் நிற்கவில்லை. அதே சனவரி 24ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்திருந்த சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கவிஞர் பெருமக்களே, இங்கே சற்று நின்று எண்ண வேண்டுகிறேன். சுகிர்தராஜன் முழக்கம் எதனையும் எழுதவில்லை. கொலைகாரர்களைச் சபிக்கவில்லை. காயம் எங்கே இருந்தது, எவ்வகைக் காயம் என்று காட்டினார், அவ்வளவே. துணிவு என்றவுடன் நாம் உரத்த குரலையும் நிமிர்ந்த நெஞ்சையும் கற்பனை செய்துகொள்கிறோம். செய்தியாளனின் துணிவு பெரும்பாலும் சிறு செயல்களில் உறைகிறது. இறந்தவரின் பெயரைப் பிழையின்றிக் கேட்டறிதல், வயதைச் சரிபார்த்தல், ஊரைக் குறித்தல், ஐவர் என்றால் ஐவர் என்றே எழுதுதல். இருட்டில் நடந்ததை ஒருவன் பெயர், நாள், இடத்தோடு எழுதிவிட்டால், அதிகாரத்தால் அதனை மறுக்க முடிகிறது. ஆனால் மறைக்க முடிவதில்லை. அவன் துல்லியத்தைக் கண்டே துப்பாக்கி அஞ்சுகிறது.

அடுத்து, இந்த உரைக்குத் தலைப்புத் தந்த நாளிதழுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தின் 'உதயன்' 1985 நவம்பரில் தொடங்கப்பெற்றது. 2006ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் விழாவை யுனெஸ்கோ நிறுவனம் கொழும்பு மாநகரில் நடத்தவிருந்தது. பல நாட்டு விருந்தினர் வந்திறங்கிவிட்டனர். முந்திய நாள், மே 2ஆம் நாள் மாலை, துப்பாக்கியேந்தியவர்கள் யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சரமாரியாகச் சுட்டார்கள். இருவர் மாண்டனர். சந்தைப்படுத்தல் மேலாளர் பஸ்தியன் ஜோர்ஜ் சகாயதாஸ் ஒருவர். விநியோகப் பிரிவில் பணியாற்றிய இராஜரத்தினம் ரஞ்சித்குமார் மற்றவர். இருவரும் செய்தி எழுதியவர்களல்லர். ஒருவர் விளம்பரமும் விற்பனையும் கவனித்தவர். மற்றவர் இதழை ஊர்களுக்கு அனுப்பிவைத்தவர். அதே ஆகஸ்டு மாதம் உதயன் வாகன ஓட்டுநர் சதாசிவம் பாஸ்கரன் கொல்லப்பட்டார். காகிதக் கிடங்கும் எரிக்கப்பட்டது. 2007 ஏப்ரல் 29ஆம் நாள் இளம் செய்தியாளர் செல்வராஜா ரஜிவர்மன் சுடப்பட்டார்.

நாளிதழ் நிற்கவில்லை. போர்க்காலம் முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெளிவருவதை நிறுத்தாத நாளிதழ் என்னும் பெயரை உதயன் பெற்றது. சுவர்களில் பதிந்த குண்டுத் துளைகள், வருவோர் காணும்படி நெடுங்காலம் அப்படியே விடப்பட்டிருந்தன. ஆசிரியர் ம. வ. கானமயில்நாதன் அதன்பின் ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே தங்கி, அங்கேயே உறங்கி எழுந்து இதழை நடத்தினார். வெளியே சென்றால் உயிர் இராது என்பதை அவர் அறிவார். தம் ஊரிலேயே ஒரு கட்டடத்துக்குள் சிறைப்பட்டவராக வாழ்ந்துகொண்டு, ஊர்ச்செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த அந்த முதியவரைப் பற்றி நம்மில் எத்தனைபேர் ஒரு வரி எழுதினோம்? போர் முடிந்த பின்னும் அமைதி வரவில்லை. 2011 சூலையில் செய்தி ஆசிரியர் ஞானசுந்தரம் குகநாதன் இரும்புக் கம்பிகளால் அடித்து வீழ்த்தப்பட்டார். 2013 ஏப்ரலில் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. பத்து நாள்கள் கழித்து யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரம் எரிக்கப்பட்டது. அவ்வாண்டே எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு தன் விருதை உதயனுக்கு வழங்கியது. கானமயில்நாதன் 2021 நவம்பரில் மறைந்தார்.

ஆசிரியரின் துணிவை உலகம் அறிகிறது. அச்சுக்கோப்பவர், கட்டுக் கட்டுபவர், விடியற்காலையில் மிதிவண்டியில் கொண்டுபோய்ப் போடுபவர் ஆகியோரின் துணிவு எங்கும் பதிவாவதில்லை. மறுநாள் காலை இவர்களுள் எவரேனும் ஒருவர் வர மறுத்திருந்தால், இதழ் வாசலில் விழுந்திராது. நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1908ஆம் ஆண்டு, 'இந்தியா' வார இதழின்மீது அரசு பாய்ந்தபோது, பாரதியார் புதுச்சேரி சென்றார். அங்கிருந்து தமிழுக்குப் பெரும் படைப்புகள் கிடைத்தன. ஆயினும் இதழின் பதிவுபெற்ற ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் என்பவர் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதிவிழா நடத்தும் நாம் சீனிவாசனுக்கு ஒருநாளேனும் ஒரு மலர் வைத்ததுண்டா? கவிஞர்க்கு வரலாறு கிடைத்தது. பெயர் கொடுத்தவருக்குச் சிறை கிடைத்தது. அவ்விருவரும் சேர்ந்ததே அந்த இதழ்.

நண்பர்களே, இதுவரை சொன்னவற்றைக் கேட்டு நெகிழ்வது எளிது. இனிச் சொல்வதைக் கேட்பது சற்றுக் கடினம். நம் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நமக்குப் பிடிக்காதவர்கள் கொன்றால் அழுகிறோம். நமக்கு வேண்டியவர்கள் கொன்றால் பேச்சை மாற்றுகிறோம். 1981 சூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பாடாத கவிஞரில்லை. அதே நாள்களில் 'ஈழநாடு' நாளிதழின் அச்சகமும் எரிந்தது என்பதையாவது சிலர் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1987 அக்டோபர் 10ஆம் நாள் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகிய யாழ்ப்பாண நாளிதழ்களின் அச்சகங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது யார்? அமைதி காக்கச் சென்ற நம் நாட்டுப் படை. இதைச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

இன்னொன்று. செல்வி என்று அறியப்பட்ட தியாகராசா செல்வநிதி நம்மைப் போன்ற கவிஞர். 'தோழி' என்னும் பெண்கள் இதழை நடத்தியவர். 1991இல் அவரைப் பிடித்துச் சென்றவர்கள் விடுதலைப் புலிகள். 1992இல் பென் எழுத்தாளர் அமைப்பு தன் எழுத்துரிமை விருதை அவருக்கு வழங்கியபோது, அதைப் பெற்றுக்கொள்ள அவர் வரவில்லை. பின்னரும் திரும்பவேயில்லை. செல்வியின் பெயரைச் சொல்லத் தயங்கும் நா, நிமலராஜனின் பெயரைச் சொல்லும் தகுதியைக் குறைத்துக்கொள்கிறது என்றே நான் கருதுகிறேன். கொன்றவன் யார் என்று பார்த்து அஞ்சலி செலுத்துவது அஞ்சலியாகாது. அது கட்சி கட்டுதல்.

அதுபோன்றே, சிங்களச் செய்தியாளரின் குருதியும் நம் கணக்கில் வர வேண்டும். 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8ஆம் நாள் கொழும்புப் பகுதியில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். தம் சாவை எதிர்பார்த்து எழுதப்பட்ட தலையங்கம், அவர் மறைந்த மூன்றாம் நாள் அச்சேறியது. பிரகீத் எக்னெலிகொட 2010 சனவரி 24ஆம் நாள் காணாமற்போனார். அந்தச் சனவரி 24, திருகோணமலையில் சுகிர்தராஜன் சுடப்பட்ட அதே நாள் என்பதைக் கவனியுங்கள். மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் நாளும், 'தராக்கி' என்னும் பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் நாள் கொழும்பில் கடத்தப்பட்டும் கொலையுண்டனர். இந்நாள்களை ஒரு நாட்காட்டியில் குறித்துப் பார்த்தால், வெறுமையான மாதங்கள் சிலவே எஞ்சும்.

நம் தமிழ்நாட்டில் துப்பாக்கி அவ்வளவு எளிதில் நீளவில்லை. அது நமக்குக் கிடைத்த பேறு. ஆயினும் 1975இல் நெருக்கடிநிலை வந்தபோது, தணிக்கை அலுவலரின் கோடு நம் இதழ்களின்மீதும் விழுந்தது. 1987இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களில் விடுதலையானார். பின்னர் அவர் நீதிமன்றம் சென்றார். 1994இல் ஆயிரம் ரூபாய் இழப்பீடு தருமாறு தீர்ப்பு வந்தது. தொகை சிறிது, நிலைநாட்டிய நெறி பெரிது. சில நாள் சிறையோடு அது முடிந்ததற்கு, வெளியில் எழுந்த குரல்களே காரணம். கோவூர்கிழார் ஒருவராக இருந்து செய்ததை அன்று பலர் சேர்ந்து செய்தனர்.

இப்பொழுது நம் கடமைக்கு வருகிறேன். பத்தாண்டு நிறைவில் வட்டம் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டும் என்று பணிவோடு முன்மொழிகிறேன்.

முதலாவது, ஆண்டுதோறும் மே மாதக் கூட்டத்தைச் செய்தியாளர் நினைவுக்கு ஒதுக்குவோம். அன்று பெயர்களைப் படிப்போம். எழுதியவர் பெயரோடு, விநியோகித்தவர் பெயரையும் வண்டி ஓட்டியவர் பெயரையும் படிப்போம். கொன்றவர் எத்தரப்பினர் என்று பார்த்து எந்தப் பெயரையும் விலக்காதிருப்போம்.

இரண்டாவது, இரங்கற்பா எழுதுமுன் அவரைப் பற்றி அறிந்துகொள்வோம். சிங்கமே, சூரியனே, எரிமலையே என்று விளித்துவிட்டால் கவிதை முடிந்துவிடுகிறது, ஆள் மறைந்துவிடுகிறார். அவர் எந்த ஊரினர், எதை எழுதினார், எந்தச் செய்திக்காகச் சாகடிக்கப்பட்டார் என்பதை அறிந்து எழுதப்படும் நான்கு வரி, அடைமொழிகள் நிறைந்த நாற்பது வரியினும் மேலானது. துல்லியத்துக்காக உயிர்கொடுத்தவரைத் துல்லியமின்றிப் பாடுவது, அவருக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி.

மூன்றாவது, நம் வட்டார நிகழ்ச்சிகளை நாம் எழுதத் தொடங்குவோம். தொழிற்சாலை விபத்தில் விரலிழந்தவர், ஏரிக்கரையில் வீடிழந்தவர், ஊதியம் வராமல் வாயிலில் நின்றவர் என நம்மைச் சுற்றிச் செய்திகள் நிறைந்துள்ளன. நம் மலரில் கவிதைகளுக்கு நடுவே, சரிபார்க்கப்பட்ட செய்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். எழுதியவர் தம் பெயரை அடியில் இடட்டும். யாழ்ப்பாணத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்பட்ட பணியை, இங்கே நாம் சிறிது முயற்சியோடு செய்யலாம். அதற்குரிய உரிமை நமக்கு இருக்கிறது. பயன்படுத்தாத உரிமை, பூட்டிய அச்சகத்தைப் போன்றது, துருவேறிவிடும்.

உயிரச்சம் அவர்களுக்கும் இருந்தது. அவர்களுக்கும் தாயும் மனைவியும் மக்களும் இருந்தனர். அஞ்சிக்கொண்டே அடுத்த நாளின் செய்தியை எழுதினார்கள். அஞ்சிக்கொண்டே கட்டுகளை வண்டியில் ஏற்றினார்கள். விடியும்போது வாசலில் இதழ் கிடந்தது. அதை எடுத்துப் படித்தவர், முந்திய நாள் தம் ஊரில் நடந்தது என்ன என்பதை அறிந்துகொண்டார். நம்மால் இயன்றது, அவர்கள் எழுதியதை மறவாமல் இருப்பதும், நம் பங்குக்கு எழுதுவதுமே.